கட்டைவிரல் அளவுச் சட்டம் இருந்ததா?

நம்பிக்கை: ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்ற ஆங்கில வழக்கு ஒரு பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் பிறந்தது. தன் கட்டைவிரலைவிடத் தடிக்காத பிரம்பால் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது.

உண்மை: அப்படி ஒரு சட்டம் அங்கே இயற்றப்படவே இல்லை. அனுபவத்தை நம்பிக் குத்துமதிப்பாக வேலை செய்வதைத்தான் அந்த வழக்கு ஆரம்பம் முதலே குறித்தது. ஸ்காட்லாந்துப் போதகர் ஜேம்ஸ் டர்ஹாமின் பிரசங்கங்கள் 1685-இல் அச்சாயின. உத்தேசமாகக் கட்டடம் எழுப்பும் கொத்தனார்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் இதைச் சொல்கிறார். 1692-இல் வந்த வில்லியம் ஹோப்பின் வாள்வீச்சு நூலிலும் இது உண்டு. இரண்டிலும் மனைவி, பிரம்பு என்ற பேச்சே இல்லை.

பிரம்புக் கதை பிரபலமானது 1782-இல். நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அப்படிக் கருத்துச் சொன்னதாகப் பேச்சு பரவியதும், ஜேம்ஸ் கில்ரே கேலிச்சித்திரம் வரைந்தார்: பிரம்புக் கட்டுகளோடு நீதிபதி, பின்னால் மனைவியை அடிக்கும் கணவன். புல்லர் அப்படித் தீர்ப்பளித்ததாக எந்தப் பதிவும் இல்லை. ‘கட்டைவிரல் நீதிபதி’ என்ற பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1976-இல் அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் டெல் மார்ட்டின் இந்தக் கதையையும் ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்ற சொல்வழக்கையும் சிலேடையாக இணைத்து எழுத, பலர் அதை வரலாறாகவே எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் அறிக்கைத் தலைப்பிலேயே அந்தச் சொல்வழக்கு ஏறிவிட்டது.

கதை பொய் என்பதால் கொடுமையும் பொய்யாகிவிடாது. 1868-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த ரோட்ஸ் வழக்கைப் பாருங்கள். கணவன் மனைவியை மூன்று அடி அடித்திருந்தான். குச்சி அவன் விரல் பருமன் இருந்தது, கட்டைவிரல் அளவுக்கு இல்லை. அதைச் சொல்லியே கீழ்க்கோர்ட் அவனை விடுவித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. குச்சியின் பருமன் முக்கியமில்லை, விளைந்த காயம்தான் முக்கியம் என்றது. பிறகு, பெரிய காயமில்லாத குடும்பச் சண்டையில் கோர்ட் தலையிடாது என்று கூறி அதே விடுதலையை உறுதிசெய்தது. பிரம்புக் கதையைவிட எனக்கு இதுதான் கொடுமையாகப் படுகிறது. கைகழுவ அந்த நீதிபதிகளுக்கு அளவுகோல்கூடத் தேவைப்படவில்லை.

மனைவியை அடிக்கக் கணவனுக்கு எந்த நிலையிலும் உரிமை கிடையாது என்று 1874-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிரந்தரக் காயமோ, கொடூரமோ, ஆபத்தான வன்முறையோ இல்லாத இடத்தில் விவகாரத்தை வெளியே கொண்டுவராமல் வீட்டோடு விடுவதே நல்லது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியும் வைத்தது.