கடலுக்குச் சொன்னது ஏரிக்குப் போதாது

அன்புள்ள தம்பிக்கு,

புதுச்சேரிப் பக்கம் பேர் வாங்கிய தகவல் மையத்தைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. போகுமுன் அந்த மையங்கள் எப்படி வளர்ந்தன என்று பார்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். அதே திட்டம் உழவர் ஊரான எம்பலத்தில் கோயில் கட்டடத்தில், பெண்கள் பொறுப்பில் நடந்தது. அங்கே கேட்டது விளைபொருள் விலையும் அரசுச் சலுகையும். சொல்லும் செய்தி ஊருக்கு ஊர் மாறியது. இடத்தை ஊர் தர வேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை. 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து, மையம் இருந்த இன்னொரு மீனவ ஊரான நல்லவாட்டுக்கு ஒரு தொலைபேசி எச்சரிக்கை வந்தது. கேட்டவர்கள் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் உயிர் தப்பினார்கள். ஒலிபெருக்கி ஊராரின் கையில் இருந்ததால் நடந்தது அது.

பழவேற்காட்டில் கடலுக்குப் போகிறவருக்கு அலை உயரம் வேண்டும். ஏரியை நம்பியவரின் கவலை முகத்துவாரம். அது மண் மூடினால் கடல்நீர் ஏறாது, இறால் குஞ்சும் உள்ளே வராது. வலை போடும் இடத்தையும் தனியாள் தீர்மானிப்பதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து நடத்தும் பாடு முறைதான் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று வகுக்கிறது. உன் மையம் அந்தப் பஞ்சாயத்தைத் தாண்டி எதையும் செய்யக் கூடாது.

ஆனால் அந்தப் பஞ்சாயத்தோடு நின்றுவிடவும் கூடாது. பாடு முறையில் பங்கில்லாத, பழங்குடியினரான இருளர் பெண்களும் அதே ஏரியில்தான் பிழைக்கிறார்கள். தண்ணீர் கழுத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். குப்பத்துக் கோயில் வாசலில் வைத்த ஒலிபெருக்கி அவர்களுக்கு எட்டாது. அவர்கள் கரையேறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அப்போது போய் உட்கார். என்ன தெரிய வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். கணினி வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

நிதி தருகிறவர்கள் முதல் வருஷமே எத்தனை ஊர் என்று கேட்பார்கள். இரண்டு என்று எழுதிக் கொடு. அதில் ஒன்று இருளர் குடியிருப்பாக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்