துணைக்கருவியால் பெட்டி விற்குமா?

பேனாவும் மையும் போலச் சேர்ந்தே பயன்படும் பொருள்களை நிரப்புப் பொருள்கள் என்பர் பொருளியலார். மை மலிந்தால் பேனா கூடுதலாக விற்கும். அப்படியாயின், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிக்குப் புதிய துணைக்கருவிகள் வந்தால் பெட்டியும் கூடுதலாக விற்குமா? நிறுவனங்கள் பலமுறை அவ்வாறே நம்பின.

1983இல் அமெரிக்காவில் இவ்வாணிபம் சரிந்தது. விற்காத சரக்கால் கையைச் சுட்டுக்கொண்ட கடைக்காரர்கள், விளையாட்டுப் பெட்டி என்றாலே முகம் திருப்பினர். ஜப்பானின் நின்டெண்டோ 1985இல் நியூயார்க்கில் விற்பனையைத் தொடங்கியபோது, ராப் என்னும் சிறு இயந்திர மனிதனையும் ஒளித்துப்பாக்கியையும் பெட்டியுடன் சேர்த்து வைத்தது. இது பொம்மைதான், அஞ்சாமல் வாங்கி வையுங்கள் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லாமற் சொன்ன உபாயம் அது. உபாயம் பலித்தது. ஆனால் ராபுக்கென வந்த விளையாட்டுகள் இரண்டே இரண்டு! சிறுவர்களைக் கட்டிப்போட்டவை சூப்பர் மாரியோ போன்ற விளையாட்டுகளே. ராப் கதவைத் திறந்தான். விருந்து வைத்தவர் வேறு.

சேகா நிறுவனத்தின் கதை வருந்தத்தக்கது. தன் பழைய பெட்டியின்மேல் பொருத்தும் 32எக்ஸ் என்னும் கருவியை 1994 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 160 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதே மாதம் சேட்டர்ன் என்ற புதிய பெட்டியை ஜப்பானில் வெளியிட்டது. அடுத்த மே மாதத்தில் அது அமெரிக்காவுக்கும் வந்துவிட்டது. 32எக்ஸுக்கு வந்த விளையாட்டுகள் ஏறத்தாழ நாற்பதுதான். பிள்ளைகளின் ஆசைக்காக அவ்வளவு பணம் கொடுத்த பெற்றோர், அடுத்த முறை சேகாவின் பேச்சை எளிதில் நம்புவார்களா? 2001இல் அந்நிறுவனம் பெட்டி செய்வதையே கைவிட்டது. இதற்குக் காரணங்கள் பல. இழந்த நம்பிக்கையும் அவற்றுள் ஒன்று என்பேன்.

நூறு வீடுகளில் பெட்டியும், அவற்றுள் பத்தில் மட்டும் துணைக்கருவியும் இருப்பதாகக் கொள்வோம். விளையாட்டு எழுதுபவர் நூறு வீடுகளுக்காக எழுதுவாரா, பத்துக்காகவா? விளையாட்டு வராததால் கருவி விற்பதில்லை. கருவி விற்காததால் விளையாட்டு வருவதில்லை. பெட்டிக்கு மை என்பது விளையாட்டே. துணைக்கருவி பேனாவின் கொக்கி போன்றதுதான்.

மைக்ரோசாஃப்டின் கினெக்ட் விதிவிலக்காகவே தோன்றியது. வெறுங்கையால், உடலசைவாலேயே ஆடலாம் என்பதால் 2010 நவம்பரில் வெளிவந்து அறுபது நாள்களில் 80 லட்சம் விற்றது. அந்த மகிழ்ச்சியில் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியுடன் கினெக்டையும் கட்டாயமாக்கினர். விலை 499 டாலர். போட்டியாளரான சோனியின் பெட்டியோ 399 டாலர். 2014 ஜூனில் கினெக்டை நீக்கி 399 டாலருக்கு விற்றதும், அமெரிக்காவில் விற்பனை முந்தைய மாதத்தைப் போல் இரு மடங்குக்கு மேலாயிற்று என அந்நிறுவனமே அறிவித்தது. துணைக்கருவி போனபின் பெட்டி விற்றது! 2017இல் கினெக்ட் உற்பத்தியே நின்றது.

உடலசைவால் ஆடும் அதே ஆசையை நின்டெண்டோ 2006இல் வீ என்னும் பெட்டியில் வேறு வழியாக நிறைவேற்றியிருந்தது. அசைவறியும் கைக்கருவியைத் தனியே விற்காமல் பெட்டியின் உறுப்பாகவே கொடுத்தது. அமெரிக்காவில் தொடக்க விலை 250 டாலர்தான். வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அக்கருவி இருந்ததால், அதை நம்பி விளையாட்டு எழுதத் தயக்கமில்லை. வீ உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்றது.