தொலைதூரப் பண்பலை கேட்க வெளி ஆன்டெனா: தேர்வு செய்யும் முறை

1960-களில் தஞ்சை உழவர்கள் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டறிந்து பயிரிட்டனர். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தனர். இன்று செல்பேசி வந்துவிட்டது. ஆயினும் மின்சாரம் நின்று, செல்பேசிக் கோபுரமும் ஓய்ந்துபோகும் மழை இரவில், இரண்டு பேட்டரிக் கட்டையில் பாடும் வானொலிப் பெட்டியே துணை. மழை அறிவிப்பைக் கேட்காமல் காலையில் மருந்து தெளித்தால், மருந்தும் கூலியும் மாலை மழையோடு போய்விடும்.

புளியறை, செங்கோட்டை வட்டார விவசாயிகள் பலர், "கோடைப் பண்பலை ஒரு நாள் எடுக்கிறது, ஒரு நாள் இரைகிறது, எந்த ஆன்டெனா வாங்கலாம்?" என்று கேட்கின்றனர். அவர்களுக்காக இக்கட்டுரை.

இரைச்சல் ஏன்?

கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாகிறது. கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. நடுவில் தடை இல்லையெனில், அந்த உயரத்திலிருந்து பண்பலை ஏறத்தாழ 190 கி.மீ. வரை எட்டும். புளியறை நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. எனவே தூரம் மட்டும் காரணமன்று. மத்திய அலை மேடு பள்ளங்களை ஓரளவு வளைந்து கடக்கும். பண்பலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். சிவகிரி, வருசநாட்டுப் பக்கத்து மலைகள் குறுக்கே நிற்பதால் நமக்கு வந்து சேருவது மெலிந்த அலையே. மலையில் மோதித் திரும்பும் அலையும் அதனுடன் கலப்பதால் பேச்சு கரகரக்கிறது.

வாங்கும் முன் சோதனை

பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். 71 செ.மீ. நீளமுள்ள இரண்டு செம்புக் கம்பிகளை, ஒன்றையொன்று தொடாமல், ஒரு மூங்கில் குச்சியில் ஒரே வரிசையாகக் கட்டவும். டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் 75 ஓம் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும், சுற்றுவலையை மற்றொன்றிலும் இணைக்கவும். மறுமுனையில் நடுக்கம்பியைப் பெட்டியின் நீட்டுக் கம்பியிலும், வலையைப் பேட்டரி அறையின் எதிர்முனையிலும் பிடிப்பான் கொண்டு மாட்டவும். இந்தச் சோதனையைப் பேட்டரியில் மட்டுமே செய்ய வேண்டும். மின்சாரத்தில் ஓடும் பெட்டியில் செய்யக் கூடாது.

கோடைக்கானல் நமக்கு வடக்கே, சற்றுக் கிழக்காக உள்ளது. ஆகவே குச்சி கிழக்கு மேற்காக இருக்கட்டும். பிறகு நிமிர்த்தியும் பார்க்கவும். மாடியில் இரண்டடி தள்ளினாலே ஒலி மாறும். நன்றாகக் கேட்கும் இடத்தை அடையாளமிட்டு, காலை, மாலை, மழை நேரம் என மூன்று நான்கு நாள் கேட்டுப் பார்க்கவும். எங்கு வைத்தும் சிறு குரல்கூடக் கேட்கவில்லையெனில், விலை உயர்ந்த ஆன்டெனாவும் பயன் தராது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எதைத் தேர்வு செய்வது?

1. இரைச்சலோடு கேட்டால் மூன்று குழாய் யாகி ஆன்டெனா நல்லது. பின்குழாய் 150 செ.மீ., கேபிள் இணையும் நடுக்குழாய் 142 செ.மீ., முன்குழாய் 134 செ.மீ., இடைவெளி 60 செ.மீ. என்ற அளவில் அலுமினியக் குழாயில் பட்டறையிலேயே செய்யலாம். நடுக்குழாயை நடுவில் வெட்டி இரு பாதியாக்கி, சட்டத்தைத் தொடாமல் பொருத்த வேண்டும். முன்குழாய் கோடைக்கானலை நோக்க வேண்டும். நாகர்கோவில் பண்பலை 101.0 மெகாஹெர்ட்சில், அருகிலேயே உள்ளது. அது நமக்குத் தெற்கே இருப்பதால், வடக்கு நோக்கிய யாகி அதைப் பெருமளவு தடுக்கும்.

2. பல திசை நிலையங்களும் வேண்டுமெனில் சோதனையில் கட்டிய இருகம்பி ஆன்டெனாவே போதும், குச்சியைத் திருப்பிக்கொள்ளலாம்.

3. பரணில் கிடக்கும் பழைய டி.வி. ஆன்டெனாவை அப்படியே மாட்ட வேண்டாம். குழாய்கள் 75 செ.மீ. அளவில் இருந்தால் அது வேறு அலைவரிசைக்கு உரியது. குழாய்களை மட்டும் பயன்படுத்தலாம்.

4. முதலிலேயே பூஸ்டர் வாங்காதீர்கள். வட்டார விவசாயி ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் பூஸ்டர் வைத்தார், இரைச்சல்தான் இருமடங்கானது. ஆன்டெனாவை ஓட்டுச் சாய்ப்பிலிருந்து மாடிக் கம்பத்துக்கு ஏற்றிய பின் பூஸ்டர் இல்லாமலே கேட்டது. உயரமும் திசையும் முதலில், பூஸ்டர் கடைசியில். அதுவும் கம்பத்தின் உச்சியில் இருக்க வேண்டும்.

5. கேபிள் 20 மீட்டர் போனால் ஏறத்தாழ கால்பங்கு வலு குறையும். தேவைக்கு மேல் நீளம் வேண்டாம்.

பாதுகாப்பு

ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாரல் காலத்தில் பலமாக வீசும். கம்பத்தை மூன்று பக்கமும் இழுகம்பி கொண்டு கட்டவும். செம்பும் அலுமினியமும் சேருமிடம் ஈரத்தில் அரிக்கும். அங்கு நீர் புகாதபடி ரப்பர் நாடா சுற்றவும். கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் நடவும். இதில் சிறிதும் அலட்சியம் கூடாது. கம்பத்துக்கு நில இணைப்புத் தரவும். இடி இடிப்பதற்கு முன்பே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடவும். இடிக்கும்போது அதைத் தொட வேண்டாம்.

முதலில் மூங்கில் குச்சியில் சோதனை, பிறகு செலவு. இம்முறையைக் கடைப்பிடித்து விவசாயிகள் பயன்பெறலாம்.