ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா?

கேள்வி: அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினால் பாதிக்கப்படுவது எங்கள் பிள்ளைகள்தானே? இது நியாயமா? (ஒரு தாய், பம்பலப்பிட்டி)

பதில்: பிள்ளைகள் பாதிக்கப்படுவது உண்மை, சகோதரி. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ரியூஷனுக்குக் காசு கட்டக்கூடிய கொழும்புப் பிள்ளை எப்படியும் சமாளித்துவிடும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஆனாலும் 2021ஐ நினைத்துப் பாருங்கள். 1997 முதல் இழுபட்ட சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி, ஜூலை 12 அன்று ஆசிரியர்களும் அதிபர்களும் நிகழ்நிலைக் கற்பித்தலை நிறுத்தினார்கள். அதற்கு முன்பெல்லாம் எங்கள் மாடிவீட்டு ரீச்சர் அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, சொந்தக் காசில் டேட்டா போட்டு, இரவு ஒன்பது மணிக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணால் கண்டவன் நான். ஒக்டோபர் 25 அன்றுதான் சங்கங்கள் வகுப்புக்குத் திரும்பின. இந்த முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்த சம்பள உயர்வில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. மிச்சத்தைக் கேட்டு 2024 ஜூன் 26 அன்று கொழும்பில் திரண்டவர்களுக்குக் கிடைத்தது கண்ணீர்ப்புகை.

இத்தனை வருஷம் கேட்டும் கிடைக்காதபோது, செய்யலாம் என்றே சொல்வேன். விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் எடுத்து முடியுங்கள் என்று அவர்களிடம் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. கேளுங்கள்.