ஏ.சி. ரிப்பேர்: காசு கொடுக்கும் முன் கேளுங்கள்

"கேஸ் தீர்ந்துபோச்சு, நிரப்பணும்" – ஏ.சி. கூலிங் குறைந்ததும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால் ஏ.சி. கேஸ், சமையல் சிலிண்டர் மாதிரி செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். அது குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால், நம்ம பணமும் கேஸோடு போயிடும்.

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். தூசி அடைத்தாலும் கூலிங் குறையும். இதற்குச் செலவே இல்லை. மெக்கானிக் வந்தால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அடைத்த பின் நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, வேக்யூம் எடுத்த பிறகே கேஸ் நிரப்ப வேண்டும்.

"கம்ப்ரசர் போச்சு" என்றால் பதற வேண்டாம். கெப்பாசிட்டர் பழுதானாலும் கம்ப்ரசர் ஓடாது. அது சின்னச் செலவுதான். வாரண்டி அட்டையையும் பாருங்கள், பல ஏ.சி.களில் கம்ப்ரசருக்கு மட்டும் தனி வாரண்டி உண்டு.

உதிரி பாகம், கேஸ், கூலி எனத் தனித்தனியாக எழுதிய பில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் அதுதான் ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.