நாத்தனார் வைத்த தலையணை

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். வரம்பு மூட்டுக்குத்தான், அறை வாடகைக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் கிடையாது. ஆகவே என்னென்ன செலவு என்று பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டு மாற்றுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று மருத்துவக் காப்பீட்டு பாலிசியை நீங்களே படியுங்கள். ஏஜெண்டைக் கேட்காதீர்கள். பணக் கதை அவ்வளவுதான்.

சோதனைகளை மருத்துவமனையிலேயே வரிசையாக எடுத்துவிடுவார்கள். சொத்தைப்பல், குதிகால் வெடிப்பில் புண், சிறுநீரில் கிருமி எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கோ இருக்கும் கிருமி ரத்தத்தின் வழியாகப் போய்ப் புது மூட்டில் குடியேறிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். மெட்டியை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழற்றிவிடுங்கள். தாலிக்கு மாற்றாக மஞ்சள் துண்டு கோத்த கயிறு ஒன்றும் தயாராக இருக்கட்டும். உள்ளே மின்சாரத்தால் ரத்தக்கசிவை அடைக்கும் கருவி வைத்திருக்கிறார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடும் என்று நர்ஸ் சொன்னார். அந்த நேரத்தில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று "சுமங்கலி கழுத்து மூளியா இருக்கலாமா?" என்று விவாதிக்க ஒருவர் வருவார். எனக்கு என் நாத்தனார், போனில்.

உங்கள் வீட்டிலும் கழிப்பறை கொல்லைப்பக்கம்தான் இருக்கும், குந்தி உட்கார்வதுதான் இருக்கும். எங்கள் வீட்டில் அதை இடித்து வெஸ்டர்ன் வைத்தேன். "கடையில கமோடு நாற்காலி கிடைக்குதும்மா, எதுக்கு வீண் செலவு?" என்றான் பெங்களூரில் இருக்கும் மகன். அதைக் கழுவப்போவது அவனில்லையே. சுவரில் துளைபோட்டுக் கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள். துண்டு போடும் கம்பி நம் பாரத்தைத் தாங்காது. கொத்தனார் வேலையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். உட்காரக் கை வைத்த, உயரமான மர நாற்காலி. வீட்டுக்கு வந்தபின் படி ஏறினால் நல்ல கால் முதலில், இறங்கினால் ஆபரேஷன் செய்த கால் முதலில்.

இரண்டு காலையும் ஒரே தடவையில் செய்துகொண்டிருக்கலாமே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், ஒரே லீவில் முடிந்துவிடுமாம். எனக்குச் சர்க்கரை உண்டு, வயதும் ஆயிற்று. எழுந்து நிற்க ஒரு காலாவது என் பேச்சைக் கேட்க வேண்டாமா? டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

இப்போது தலையணைக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் ஆன அன்று நாத்தனார் கோவையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். பாசத்தில் குறை சொல்ல முடியாது. என்னைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணையைச் செருகினாள். "இதமா இருக்கா அண்ணி?" இதமாகத்தான் இருந்தது. கெடுதலே அதில்தான். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் உள்ளே இறுக்கம் குறைந்து வலி அடங்கும். அப்படியே பகலும் இரவும் கிடந்தால் பின்பக்கத் தசையும் நாரும் சுருங்கி, கால் நீட்டவே வராது. துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெற்றிடமாக இருக்க வேண்டும், கால்விரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். வலிக்கும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன்னதாகப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டியதுதான்.

பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பியையும் அவள் வாசலிலேயே நிறுத்தினாள். "அண்ணி இப்பதான் கண்ணசந்தாங்க, நாளைக்கு வாங்க." நான் மடக்கப் பார்த்தால், "தையல் விட்டுடும்!" தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் கட்டிலுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய் வந்தது. மடக்கவும் வரவில்லை. இப்படியே இருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்கிவிட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அந்தத் தம்பி காலை நீட்டியும் மடக்கியும் என்னை அழவைத்ததை எழுத மாட்டேன். ஆபரேஷன் வலி அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாரிடம்? மருந்து மயக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த என்னிடம். வீட்டுக்காரர் பில் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் பஸ்ஸில். அதனால் சொல்கிறேன்: உங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப்போவது யாரோ, அவரை ஆபரேஷனுக்கு முன்பே வரவழைத்து, பிசியோதெரபிஸ்ட் பேசும்போது எதிரில் நிறுத்துங்கள். செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கைப்பிடியும் வெஸ்டர்னும் அப்புறம்.

நாத்தனாரின் பத்தியமும் உண்டு. கத்தரிக்காய் ஆகாது, முட்டை ஆகாது, சீழ் பிடிக்கும் என்று ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்தான் தட்டில் விழுந்தது. டயட்டீஷியன் எழுதித்தந்த தாளில் முதல் வரியே முட்டை. புண் ஆறப் புரதம் வேண்டும். சீழ் பிடிக்கவைப்பது கிருமி, கத்தரிக்காய் இல்லை. போதாததற்குக் கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொடுக்கும். காய்கறி இல்லாமல் அது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிட யாராவது கிளம்புவார்கள். தொடவிடாதீர்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், நகர்ந்தால் நுரையீரலுக்குப் போகும். அதற்கும், மூச்சுத் திணறலுக்கும், தையலில் நீர் கசிவதற்கும், காய்ச்சலுக்கும் யாரிடமும் யோசனை கேட்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

இடது காலுக்குத் தை மாதம் என்று பேச்சு. என் தங்கை மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நாத்தனாருக்கு இன்னும் சொல்லவில்லை. தையல் பிரித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.