நாணயக் கணக்கை விட்டுவிடாதீர்கள்

ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணக்கு வராது என்று பயந்து திறனறிவுப் பகுதியை ஒதுக்காதீர்கள். அதில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். மொத்தம் 200 கேள்விக்கு 3 மணி நேரம், அதாவது கேள்விக்கு 54 விநாடி. நாணயக் கணக்குக்கு இந்த நேரம் தாராளம். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமே போதும்.

1. இரண்டு வரி எழுதுங்கள்

ஒரு பையில் 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 60. மதிப்பு 195 ரூபாய். ஒவ்வொன்றும் எத்தனை? 2 ரூபாய் நாணயங்களை ‘அ’ என்றும் 5 ரூபாய் நாணயங்களை ‘ஆ’ என்றும் வையுங்கள்.

எண்ணிக்கை: அ + ஆ = 60
மதிப்பு: 2அ + 5ஆ = 195

முதல் வரியை 2-ஆல் பெருக்கி, இரண்டாவதிலிருந்து கழியுங்கள்: 3ஆ = 75. ஆ = 25, அ = 35. எண்ணிக்கையையும் மதிப்பையும் ஒரே வரியில் கலப்பதால்தான் பலர் சறுக்குகிறார்கள்.

2. பிறகு குறுக்குவழி

அறுபதும் 2 ரூபாய் என்றால் 120 ரூபாய், 75 குறைகிறது. ஒரு 2 ரூபாயை எடுத்துவிட்டு 5 ரூபாயை வைத்தால் 3 ரூபாய் கூடும். 75 ÷ 3 = 25. மேலே கழித்துச் செய்த நீக்கல் முறையும் இதைத்தான் செய்கிறது. சமன்பாட்டில் கை பழகியவருக்குப் பரீட்சை ஹாலில் இது மறக்காது.

3. விகிதம் வந்தால் பைசாவாக்குங்கள்

1 ரூபாய், 50 பைசா, 25 பைசா நாணயங்கள் 2:3:4 விகிதத்தில். மொத்தம் 90 ரூபாய். 25 பைசா 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றாலும் பயிற்சிப் புத்தகங்களில் இன்னும் உண்டு. ஒரு பங்கு: 200 + 150 + 100 = 450 பைசா. 9000 ÷ 450 = 20. ஆக 40, 60, 80 நாணயங்கள். கேட்டது எண்ணிக்கையா, மதிப்பா என்று பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.

4. சரிபாருங்கள்

முதல் கணக்கில் 35 × 2 = 70, 25 × 5 = 125; கூட்டினால் 195. விடை பின்னமாக வந்தால் சமன்பாட்டில் பிழை. அரை நாணயம் கிடையாது.

வேலைக்குப் போன பிறகும் இது உதவும். சில்லறையை நூறு நூறாகப் பொட்டலம் கட்டி வாங்குவது வசதி என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கி கேஷியர் சீட்டில் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 ரூபாயும் 5 ரூபாயும் கலந்த 100 நாணயப் பொட்டலம், மதிப்பு 290 ரூபாய். முதலில் சமன்பாட்டில் போடுங்கள், பிறகு மனக்கணக்கில். இரண்டிலும் 70, 30 என்று வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.